ஆன் ஆகி ஆன் ஆகி அணையும் கம்ப்யூட்டர்: கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே தொல்லையைப் பற்றித்தான். பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது, அணைகிறது, மறுபடி தானே ஆன் ஆகிறது. திரையில் ஒன்றும் வருவதில்லை. ரங்கூனில் பல வருடமாக இதே வேலை செய்கிறேன். எழுதும்போது ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்: ஆன் ஆகி எத்தனை நொடியில் அணைகிறது? கோளாறு எங்கே என்பது பெரும்பாலும் அதிலேயே பிடிபட்டுவிடும்.

பெகுவில் இருந்து ஒரு தம்பி: அண்ணே, ஃபேன் ஒரு சுற்று சுற்றுவதற்குள் அணைந்துவிடுகிறது. மதர்போர்டு போய்விட்டது, புதுசு வாங்கு என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கட்டுமா?

பொறு தம்பி, இப்போதே வாங்காதே. அரை நொடியில் அணைந்தால் எங்கோ ஷார்ட் இருக்கலாம், அதாவது தொடக்கூடாத இரண்டு இடம் தொட்டு கரண்ட் குறுக்கே பாய்கிறது. வீட்டுக் கரண்டை போர்டுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் டப்பாதான் பவர் சப்ளை; அது ஷார்ட்டைக் கண்டதும் தன்னை நிறுத்திக்கொள்ளும். முதலில் பிளக்கைப் பிடுங்கு. கிராபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க், யுஎஸ்பியில் செருகியது எல்லாவற்றையும் கழற்று. பிராசஸரும் அதன் ஃபேனும் ஒரே ஒரு ராமும் (மெமரிப் பட்டை) மட்டும் இருக்கட்டும். பிராசஸர் பக்கத்தில் வரும் நாலு முள் அல்லது எட்டு முள் வயர் அழுத்தமாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார். அப்படியும் அணைந்தால் போர்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து ஒரு அட்டை மேல் வைத்து ஓட்டு. வெளியே ஓடினால் போர்டில் குறை இல்லை, பெட்டியில்தான் எதுவோ இடிக்கிறது.

போன மழைக்காலத்தில் இப்படித்தான் ஒரு மெஷின் வந்தது. போர்டைத் தூக்கினால், அடியில் விரல் நீளத்துக்கு ஒரு பல்லி, இரண்டு ஈயப் பற்றுகளுக்கு நடுவே கருகி ஒட்டிக் கிடந்தது. பல் விளக்கும் பிரஷ்ஷை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தொட்டு மெதுவாகத் தேய்த்தேன். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு மாட்டினேன். அந்த போர்டு இன்றும் ஓடுகிறது. இதற்குத்தான் சொல்கிறேன், பார்க்காமல் காசைக் கொடுக்காதே.

தல்லாவில் இருந்து, நகல் கடை நடத்தும் அக்கா: தம்பி, காலையில் ஒழுங்காக ஓடுகிறது. சாயங்காலம் ஆனால் ஆன் ஆகி ஆன் ஆகி அணைகிறது. ஸ்டெபிலைசர் இல்லை.

அக்கா, உங்கள் மெஷினை விட உங்கள் கரண்ட் மேல்தான் எனக்குச் சந்தேகம். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில், ஊரே விளக்குப் போடும் நேரத்தில் எவ்வளவு வருகிறது என்று மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். உள்ளே நடப்பது இதுதான். பவர் சப்ளை 12, 5, 3.3 வோல்ட் மூன்றும் சரியாக ஏறிய பிறகே போர்டுக்கு ‘சரி, தொடங்கு’ என்று ஒரு சிக்னல் கொடுக்கும். 12 வோல்ட் என்றால் 11.4க்குக் குறையக் கூடாது. ஃபேனும் டிஸ்க்கும் ஒன்றாக இழுக்கும்போது வரும் கரண்ட் போதாமல் வோல்டேஜ் இறங்கினால் அந்த சிக்னல் நின்றுவிடும், போர்டு அணையும். பளு போனதும் வோல்டேஜ் ஏறும், மறுபடி ஆன் ஆகும். இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஒரு நல்ல ஸ்டெபிலைசர் போடுங்கள். அடுத்து பவர் சப்ளை வாங்கினால், லேபிளில் 100-240 என்று இருப்பதை வாங்குங்கள். குறைந்த வோல்டேஜையும் அது தாங்கும். உங்களுடையதற்குப் பின்னால் 115, 230 என்று மாற்றும் சிவப்பு சுவிட்ச் இருந்தால், கரண்ட் குறைவுதானே என்று அதை 115க்குத் தள்ளிவிடாதீர்கள். வோல்டேஜ் பழையபடி ஏறும் நொடியில் உள்ளே வெடித்துவிடும். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் உடனே ஆன் செய்யாமல் ஐந்து நிமிஷம் விடுங்கள்.

மோல்மேனில் இருந்து ஒரு ஐயா: பேரனுக்குப் புது மெஷின், டிடிஆர்5 ராம். முதல் தடவையே இரண்டு முறை அணைந்து எரிந்தது, அப்புறம் திரை கறுப்பாகவே இருக்கிறது.

பயப்படாதீர்கள் ஐயா. புது போர்டு ராமைப் பழக்கிக்கொள்கிறது. முதல் தடவை பல நிமிஷம் பிடிக்கும். கால் மணி நேரம் தொடாமல் விடுங்கள்.

தாட்டோனில் இருந்து: சரியாக நாலைந்து நொடியில் அணைகிறது, ஒவ்வொரு தடவையும்.

முன்பக்கப் பட்டன் உள்ளே சிக்கியிருக்கும். பட்டனை நாலு நொடி அமுக்கிப் பிடித்தால் அணையும் அல்லவா, அதேதான். பட்டனின் வயரை போர்டிலிருந்து பிடுங்கிவிட்டு, அது செருகியிருந்த இரண்டு முள்ளையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டு ஆன் செய்து பாருங்கள்.

ரங்கூனிலேயே ஒரு தம்பி: அண்ணே, பவர் சப்ளையின் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் சேர்த்தேன், ஃபேன் சுற்றியது. அப்படியானால் அது நல்லதுதானே?

அது உயிரோடு இருக்கிறது என்பது மட்டும்தான் தெரிகிறது. பளு ஏற்றினால் தாங்குமா என்பது வேறு கேள்வி. நன்றாக ஓடும் இன்னொரு மெஷினின் பவர் சப்ளையை மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் சரியான சோதனை. போர்டில் பிராசஸரைச் சுற்றி நிற்கும் கபாசிட்டர்களையும் (கரண்டைத் தேக்கி வைக்கும் சின்ன உருளைகள்) பார். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, மேலே பழுப்பாகப் பொருக்கு தட்டியிருந்தாலோ அவைதான் காரணம். மாற்றினால் போர்டு பிழைக்கும்.

ஆனால் பவர் சப்ளையை மட்டும் நீயாகப் பிரிக்காதே தம்பி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். அதை என்னிடம் கொண்டு வா.