செட்டிநாட்டு வீடு ஏன் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது?

பெரிய குடும்பம் என்பதுதான் காரணம். மணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பக் கணக்கு. அவனுக்கென்று வளவு எனப்படும் நடு முற்றத்தைச் சுற்றி ஓர் அறை. சீர்ச் சாமான்களை அதில் பூட்டி வைப்பார்கள். ஒரே கூரை என்றாலும் உலை தனித்தனி. இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் கணக்கில் கெட்டிக்காரர்கள் அல்லவா! முகப்பும் திண்ணையும் ஆண்களின் கொடுக்கல் வாங்கலுக்கு, பின்கட்டு அடுப்படிக்கு.

தூண்கள் பர்மாத் தேக்கு. சுவரில் சுண்ணாம்பையும் முட்டை வெள்ளைக்கருவையும் சேர்த்தரைத்த பூச்சு; கை வைத்தால் வழுக்கும், சித்திரை வெயிலிலும் சில்லென்றிருக்கும். தரைக்கு ஆத்தங்குடிக் கல், அந்த ஊரில் கையால் வார்க்கும் வண்ண ஓடு.

பர்மா வட்டித்தொழில் கட்டிய வீடுகள் இவை. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்த வருமானம் நின்றது. பங்காளிகள் ஒத்துப்போகாமல் இடித்த வீடுகளின் தூண்களும் கதவுகளும் இன்று காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன.