நகரத்து வாய்க்காலை அயலவர்கள் சேர்ந்து மீட்க முடியுமா?

கேள்வி: "நகரத்துக்குள் ஓடும் நீரோடையை அக்கம்பக்கத்தார் சேர்ந்து மீட்டுப் பராமரிக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?"

முடியும். ஆனால் வாய்க்காலிலிருந்து தொடங்காதீர்கள். நாங்கள் அப்படித் தொடங்கித்தான் முதல் வருடத்தை வீணாக்கினோம்.

நான் இருப்பது யாழ்ப்பாண நகரத்துக்குள். குடாநாட்டில் ஆறு என்று பெயருக்கு இருப்பது வழுக்கையாறு ஒன்றுதான். தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக வந்து அராலியில் கடலேரியோடு சேரும். அதுவும் மாரியில் மட்டும். நகரத்தில் எங்களுக்கு வாய்த்தவை வெள்ளவாய்க்கால்களும் குளங்களும். எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் போகும் வாய்க்கால் ஒரு குளத்துக்குத் தண்ணீர் கொண்டுபோவது. கோடையில் அதில் சோறு கட்டும் லஞ்ச் சீற்றும் பம்பர்ஸும்தான் கிடக்கும். ஐப்பசி மழை கொட்டும்போதுதான் அது வாய்க்கால் என்பதே எல்லோருக்கும் ஞாபகம் வரும்.

முதல் வருடம் சனசமூக நிலையத்தில் காசு சேர்த்து ஜேசிபி பிடித்தோம். ஒரே நாளில் வேலை முடிந்தது, படமெல்லாம் எடுத்தோம். வழித்த சேற்றைக் கரையிலேயே குவித்துவிட்டோம். முதல் பெருமழைக்கே பாதி திரும்ப உள்ளே. சரி, அதையாவது மறுபடி வழிக்கலாம். ஓரிடத்தில் அடியிலிருந்த களிமண்ணையும் கிளறி, கல் தெரியும்வரை தோண்டியிருந்தோம். அந்த மாரியில் பக்கத்து வீட்டு அன்ரியின் கிணறு மணக்கத் தொடங்கியது. ஒரு வாளி தண்ணீரைக் கொண்டுவந்து நிலையத்து மேசையில், பேப்பருக்கு மேலேயே வைத்தார். "இதுதானோ தம்பி நீங்கள் துப்புரவாக்கினது?" ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எங்கள் நல்ல தண்ணீர் முழுக்க மழைத்தண்ணீர். வருடத்துக்கு ஏறக்குறைய 1,200 மில்லிமீற்றர் பெய்கிறது, அதில் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை. அது சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி, கீழேயுள்ள உப்புத்தண்ணீருக்கு மேல் மிதக்கிறது. மண் அழுக்கை வடிப்பதுபோல வெடித்த கல் வடிக்காது. அதனால் களியைக் கிளறிக் கல்லைத் திறந்துவிட்டால், வாய்க்காலில் விட்டது எங்கள் கிணற்றுக்குத்தான் வரும். சரி, அத்தனையையும் கடலுக்கு ஓட்டிவிடுவோம் என்றால், கோடையில் கிணறு சவர்த்துவிடும். தண்ணீர் தங்கவும் வேண்டும், சுத்தமாகத் தங்கவும் வேண்டும். சிக்கலே இதுதான்.

அடுத்த வருடம் மண்வெட்டியைத் தொடவில்லை. முதல் பெருமழைக்கு எட்டுப் பேர் குடையோடு இறங்கினோம். ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் முன்னால், நாங்கள் பின்னால். எந்த ஒழுங்கைத் தண்ணீர் எங்கே இறங்குகிறது, எங்கே திரும்புகிறது என்று ஒரு கொப்பியில் குறித்தோம் (கொப்பி நனைந்துபோய்ப் பிறகு அடுப்படியில் காயவைத்தது வேறு கதை). நாங்கள் வாய்க்கால் என்று நினைத்தது வெறும் வால். தலை ஐந்து ஒழுங்கைக்கு அப்பால், ஒரு சாப்பாட்டுக்கடையின் பின்பக்கத்தில் இருந்தது. அந்தக் கடையின் எண்ணெய்த் தண்ணீர் வரும் குழாயை அன்றைக்குத்தான் கண்டோம். அப்புறம் சும்மா விடுவோமா, ஆறு மாதம் கதைத்துக் கதைத்தே கொழுப்பு தேங்கும் தொட்டி ஒன்று கட்டவைத்தோம்.

அலுவலகங்களைப் பற்றி நீட்ட விருப்பமில்லை. வாய்க்கால் தங்களுடையதல்ல என்று இரண்டு இடத்தில் சொன்னார்கள். எழுத்தில் கேட்டபோது இரண்டு இடமும் மௌனம். கடிதப் பிரதிகளைக் கவனமாக வைத்திருங்கள், பிறகு உதவும்.

கஷ்டமான வேலை மனிதர்களோடுதான். 2021 இல் நகரத்து ஆரியகுளத்தைப் புதுப்பித்தார்கள்; மாலையில் போய் இருக்க நல்ல இடம். குளத்துக்கு ஒரு கொடையாளர் கிடைத்தாலும் போதும், வாய்க்காலுக்கு இரண்டு கரையிலும் உள்ள அத்தனை வீடும் சம்மதிக்க வேண்டும். எங்களுக்கு வந்த சிக்கல் குறுக்கே நின்ற ஒரு மதில். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் மழைக்கு அந்த வீட்டு ஐயாவின் குசினிக்குள் வெள்ளம் வந்ததாம், அதற்குப் பிறகு எழுப்பியது. "நீங்கள் குளத்தைப் பாருங்கோ, நான் என்ரை குசினியைப் பாக்கிறன்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. மதிலை இடி என்று கேட்பதை விட்டுவிட்டு, கீழேயிருந்த மதகை முதலில் துப்புரவாக்கினோம். உள்ளே ஒரு மெத்தை சிக்கியிருந்தது, நாலு பேர் சேர்ந்து இழுத்தும் அரைநாள் போனது. அடுத்த மழைக்கு அவர் வளவில் வெள்ளம் நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் மதிலின் அடியில் ஒன்பது அங்குலக் குழாய் இரண்டு வைக்கச் சம்மதித்தார்.

இப்போது புரட்டாதி கடைசியில் கையாலேயே வழிக்கிறோம், களியைத் தொடாமல். பொலித்தீனைப் பொறுக்கி எடுத்த சேற்றை அன்றைக்கே லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி அனுப்பிவிடுகிறோம். மதில் இன்னும் நிற்கிறது. குழாய் வாயில் ஐயா தானாகவே கம்பிவலை கட்டியிருக்கிறார். மழை விட்டதும் தும்புத்தடியோடு வந்து குப்பையை இழுத்துப் போட்டுக்கொண்டு, மேல் ஒழுங்கைக்காரரைத் திட்டுவார்.