காரைக்குடிப் பக்கம் சின்ன சபையில் முதல் பிரசங்கம். எப்படித் தயாராவது?

முதலில் வேதப்பகுதியை நாலைந்து தடவை முழுசாக வாசிங்க. உதாரணம் தேடுவதெல்லாம் பிறகு. லூக்கா 15-இல் இயேசு சொல்லும் உவமையில் ஒரு பெண் தொலைத்துத் தேடும் வெள்ளிக்காசையே எடுத்துக்கோங்க. அது ஒரு திராக்மா, ஏறக்குறைய ஒரு நாள் கூலி. அக்காலத்து எளிய வீடுகளில் வெளிச்சம் குறைவு. அதனால்தான் அந்தப் பெண் விளக்கைக் கொளுத்துகிறாள். இதைச் சொன்ன பிறகு நம்மூருக்கு வாங்க: பழைய வீட்டு இருட்டறையில், ஆத்தங்குடிக் கல் தரையில் தோட்டுத் திருகாணி உருண்டு ஓட, ஆச்சி விளக்குமாறோடு குனிந்து தேடுவார். ஆனால் ஆச்சி கதை இரண்டு நிமிஷம் தாண்டினால் வசனம் போச்சு.

அந்த உவமையின் உயிர், தேடிக் கண்டெடுத்தவளின் சந்தோஷம். அதை ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்க. எழுத வரவில்லையா, பிரசங்கம் இன்னும் தயாராகவில்லை.

சனிக்கிழமை ராத்திரி கடிகாரம் வைத்துச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பது அவசியம். நான் அதைச் செய்யாமல் போய் ஐம்பது நிமிஷம் பேசினேன். ஃபேனுக்குக் கீழே பாதிப் பேர் தூக்கம்.