ஃப்ரிட்ஜ் இருக்கிற வீட்டுப் பிள்ளை சத்துணவு சாப்பிடலாமா?

வாசகி ஒருவர் நீளமாக எழுதியிருந்தார், சுருக்கித் தருகிறேன். மகள் அரசுத் தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்பு. காலை உணவு, மதியச் சத்துணவு இரண்டுமே பள்ளியில்தான். பக்கத்து வீட்டு அக்கா, "வீட்டுல ஃப்ரிட்ஜ், வண்டி, ஆளுக்கொரு போன். அப்புறம் எதுக்கு இலவசச் சோறு? ஏழைப் பிள்ளைங்க பங்கைச் சாப்பிடுறீங்களே" என்று குத்திக் காட்டுகிறாராம். மகளோ சாம்பார் தண்ணியா இருக்கு, சில நாள் முட்டை இல்லை, சோத்துல பிளாஸ்டிக் அரிசி கலக்குறாங்க என்கிறாள். கணவர், "கவர்மென்ட் சாப்பாடு அப்படித்தான் இருக்கும், பேசாம டப்பா கட்டிக் கொடு" என்று முடித்துவிட்டார். புகார் சொன்னால் பிள்ளையைக் கடிந்துகொள்வார்களோ என்ற பயம் வேறு. என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

அக்கா சொன்னதை முதலில் எடுத்துக்கொள்வோம். சாப்பிடலாம், தாராளமாகச் சாப்பிடலாம். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு, உள்ளாட்சி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை படிக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளி நாட்களில் மதிய உணவு என்று சொல்கிறது. அதில் ஏழை, பணக்காரர் என்ற பிரிவே கிடையாது, வருமானச் சான்றும் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை போடுகிறார்கள். காலை உணவு ஒன்று முதல் ஐந்து வரை. உங்கள் பிள்ளை சாப்பிடுவதால் இன்னொரு பிள்ளையின் தட்டில் குறையாது, ஏனென்றால் அரிசியும் பணமும் தலைக்கணக்குப்படி வருகின்றன. சொல்லப்போனால் நீங்கள் விலகினால்தான் கணக்கு குறையும்.

வீட்டில் பொருள் சேர்ந்துவிட்டது, அதனால் சாப்பாட்டுக்குக் குறையில்லை என்ற கணக்கும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஃப்ரிட்ஜும் போனும் தவணையில் வருகிற காலம் இது, பருப்பு தவணையில் வராது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்கு உட்பட்ட தமிழ்நாட்டுக் குழந்தைகளில் இரத்தசோகை உள்ளவர்கள் 2015-16இல் சுமார் 51 சதவீதம், 2019-21இல் 57 சதவீதத்துக்கு மேல். வீடுகளில் டிவி, வண்டி, மிக்ஸி எல்லாம் கூடிக்கொண்டே போன அதே வருடங்களில்தான் இதுவும் கூடியிருக்கிறது. 2022-23இன் நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் இந்தியக் கிராமங்களில் குடும்பச் செலவில் உணவின் பங்கு 46 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது, வசதி கூடியதன் அடையாளம்தான், ஆனால் அந்த உணவுச் செலவிலேயே பெரிய பங்கு எதற்குப் போகிறது தெரியுமா? பானங்கள், பாக்கெட் தின்பண்டங்கள், சமைத்து விற்கிற சாப்பாடு. முட்டைக்கும் கீரைக்கும் இல்லை. காலையில் டீயும் ரெண்டு பிஸ்கட்டும் தின்றுவிட்டுப் பள்ளிக்கு ஓடுகிற பிள்ளை பைக் இருக்கிற வீட்டிலிருந்தும்தான் வருகிறது. (டீ என்றதும் ஞாபகம் வருகிறது. சாப்பாட்டோடு டீ குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. பள்ளிப் பிள்ளைகளுக்கு டீ வேண்டாமே.)

இலவசம் என்ற பேச்சுக்கும் ஒரு வார்த்தை. சோப்பு வாங்கினாலும் வண்டிக்குப் பெட்ரோல் போட்டாலும் வரி கட்டுகிறீர்கள், வருமானவரி கட்டுகிறவர் மட்டும்தான் வரி கட்டுகிறவர் என்று எவரும் சொல்லவில்லை. 1920இல் சென்னை ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சிக்காரர்கள் பள்ளிச் சாப்பாட்டை ஆரம்பித்து வைத்தது, 1956இல் காமராஜர் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது, 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். திருச்சி பக்கம் பாப்பாகுறிச்சியில் பெரிதாக்கியது, 2010இலிருந்து வாரம் ஐந்து முட்டை, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு என்று நூறு வருடத்துக்கு முன்பு தொடங்கி, கட்சி மாறினாலும் வளர்ந்து வந்த விஷயம் இது. இவ்வளவு ஆட்சிகள் தொடர்ந்து செய்த வேறொரு காரியத்தைச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

சரி, உங்கள் கணவர் சொன்ன "அப்படித்தான் இருக்கும்" என்பதுதான் எனக்கு அக்கா சொன்னதைவிடப் பெரிய சிக்கலாகத் தெரிகிறது. கேட்கத் தெரிந்த பெற்றோர் எல்லாம் டப்பா கட்டிக்கொண்டு ஒதுங்கிவிட்டால் அந்தச் சாம்பாரைப் பற்றிக் கேட்க யார் மிச்சம்? அரசாங்கத்தைத் திட்டுவது சுலபம், ஆனால் "அரசாங்கம்" என்று எழுதி எந்தக் கதவிலும் பலகை தொங்குவதில்லை. பள்ளிச் சாப்பாடு நாலைந்து கைகள் மாறி வருகிறது, எந்தக் கையில் கோளாறு என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அரிசி, பருப்பு, எண்ணெய் வருவது நுகர்பொருள் வாணிபக் கழகத்திலிருந்து. முட்டை ஒப்பந்தக்காரர் மூலம் மொத்தமாக வந்து இறங்கும். காய்கறி, மசாலா வாங்குவது சத்துணவு அமைப்பாளர், அதற்கென்று தரும் பணத்தில். சமைப்பது சமையலரும் உதவியாளரும். இன்னொன்றையும் கவனியுங்கள். காலை உணவைச் சமைப்பது பல இடங்களில் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள், மதியச் சாப்பாடு சத்துணவு மையத்தின் பணியாளர்கள். காலை உப்புமாவுக்காக மதியச் சமையலரோடு சண்டை போட்டுப் பயனில்லை, அந்தம்மாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது.

இப்போது சாம்பார். தொடக்கப்பள்ளிக் குழந்தை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு மத்திய அளவுகோல் 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய். ஆறிலிருந்து எட்டு வரை 150, 30, 75, 7.5. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் 40 பேர் சாப்பிடுகிற நாளில் 2 கிலோ காய் வெட்டியிருக்க வேண்டும், இதைக் கண்ணாலேயே பார்த்துச் சொல்லிவிடலாம். பருப்பை அப்படிச் சொல்ல முடியாது, கலவை சாதம் போடுகிற நாளில் பருப்பு எங்கே என்று தேடினால் கிடைக்காது, சுண்டலாகவோ பயறாகவோ வேறு நாளில் வந்திருக்கும். தண்ணீர்ச் சாம்பாருக்குக் காரணம் திருட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2025 மே முதல் தொடக்கப்பள்ளிப் பிள்ளை ஒன்றுக்குப் பொருட்செலவு என்று மத்தியத் திட்டத்தில் வைத்திருப்பது 6 ரூபாய் 78 காசு. அரிசி தனி, தமிழ்நாட்டில் முட்டைச் செலவை மாநிலம் ஏற்கிறது, மாநிலங்கள் கூடுதலாகவும் போடலாம் என்றாலும், பருப்பு, காய், எண்ணெய், மசாலா, எரிபொருள் எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்தத் தொகைதான். தக்காளி விலை ஏறுகிற மாதத்தில் சாம்பாரின் நிறம் மாறுவதற்கு அமைப்பாளரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எல்லா மாதமும், விலை இறங்கிய பிறகும், அதே நிறம் என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

முட்டை விஷயம் எளிது. பள்ளி நாள் ஐந்து என்றால் ஐந்து முட்டை, முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். இல்லாத நாளைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளை சொன்னதை மட்டும் வைத்துக் குறிக்காதீர்கள், அது முட்டையைத் தோழிக்குக் கொடுத்துவிட்டு வந்து இல்லை என்று சொல்லியிருக்கலாம், இன்னும் இரண்டு மூன்று அம்மாக்களிடம் விசாரியுங்கள். முட்டையில் நாற்றம் என்று சொன்னால் சமைப்பதற்கு முன்பு தண்ணீரில் போட்டுப் பார்க்கிறார்களா என்று கேட்கலாம். மேலே வந்து மிதந்தால் பழைய முட்டை, ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

அடுத்து பிளாஸ்டிக் அரிசி. இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. அது பிளாஸ்டிக் இல்லை, செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசியை மாவாக்கி, அதில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் அரிசி மாதிரியே வார்த்தெடுத்து, சாதாரண அரிசியில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கலக்கிறார்கள். மாவிலிருந்து செய்ததால் நிறம் கொஞ்சம் மாறித் தெரியும், ஊறவைக்கும்போது சில மிதக்கும். அதைப் பொறுக்கி எறிந்தால் சத்தைத்தான் எறிகிறோம், சமையலர்களிலேயே சிலர் நல்லெண்ணத்தில் எறிகிறார்கள்! ரேஷன் அரிசியிலும் இதுவேதான், வீட்டில் கழுவும்போதும் கவனமாக இருங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை, தலசீமியா மாதிரி பரம்பரை இரத்த நோய் உள்ள பிள்ளைக்குக் கூடுதல் இரும்பு சேரக்கூடாது, அவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும்.

அப்புறம் புகார். தனியாகப் போகாதீர்கள், மூன்று நான்கு அம்மாக்கள் சேர்ந்து தலைமையாசிரியரிடம் போங்கள். போய், "இன்னார் சரியில்லை" என்று ஆரம்பிக்காமல், இந்தத் தேதிகளில் முட்டை வரவில்லை, இந்தத் தேதியில் சோறு வேகவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். பிள்ளையின் பெயரையோ அது வீட்டில் வந்து சொன்னதையோ இழுக்கவே வேண்டாம், நீங்கள் பயப்படுகிற விஷயம் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பரிமாறுவதற்கு முன்பு ஓர் ஆசிரியராவது ருசி பார்க்க வேண்டும் என்பது விதி, அந்தப் பதிவேட்டைப் பார்க்கலாமா என்று மரியாதையாகக் கேட்டாலே பல பள்ளிகளில் அடுத்த வாரத்திலிருந்து சுவை மாறும். பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது, கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள்தான், மதிய உணவைக் கண்காணிப்பதும் அவர்கள் வேலை. அதில் உறுப்பினராக இருக்கிற அம்மா யார் என்று பல பேருக்குத் தெரியவே தெரியாது. விசாரித்து அடுத்த கூட்டத்தில் பேசச் சொல்லுங்கள், தீர்மானமாக எழுதி வைத்தால் இன்னும் நல்லது, வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும்.

அங்கே நடக்காவிட்டால் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர், அதற்கு மேல் ஆட்சியர் அலுவலகத்தில் சத்துணவுக்கென்றே இருக்கிற நேர்முக உதவியாளர். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம், 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணும் இருக்கிறது, மனு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்டால் 30 நாளில் இருப்புப் பதிவேட்டு நகல் வாங்கலாம், ஆனால் எடுத்த எடுப்பிலேயே அதைச் செய்தால் பேச வருகிறவர்களும் ஒதுங்கிவிடுவார்கள், கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட பிள்ளைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் இந்த வரிசையெல்லாம் கிடையாது, முதலில் ஆஸ்பத்திரி, மிச்சச் சாப்பாட்டைக் கொட்டிவிடாமல் உணவுப் பாதுகாப்பு அலுவலர் வரும்வரை வைத்திருக்கச் சொல்ல வேண்டும்.

சமையலே நடக்காத நாளுக்கு என்று ஒரு விதி இருக்கிறது, பெற்றோர் யாரும் கேட்பதே இல்லை. அரிசி இல்லை, பணம் வரவில்லை, எரிபொருள் இல்லை, சமைக்க ஆள் இல்லை என்று சாப்பாடு போடாவிட்டால் அந்த நாளின் சாப்பாட்டுக்கு ஈடாகத் தருகிற உணவுப் பாதுகாப்புப் படியை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்கின்றன 2015ஆம் ஆண்டின் மதிய உணவு விதிகள். தொடர்ந்து மூன்று பள்ளி நாட்களோ மாதத்தில் ஐந்து நாட்களோ நின்றுபோனால் யார் பொறுப்பு என்று மாநில அரசு கண்டுபிடித்தாக வேண்டும். பணம் வரத் தாமதமானால் பள்ளியில் இருக்கிற வேறு நிதியை எடுத்துச் சமையலைத் தொடரத் தலைமையாசிரியருக்கு அதிகாரம் உண்டு. இதை அவருக்கே நினைவுபடுத்த வேண்டியிருக்கலாம்.

எல்லாக் கோபத்தையும் சமையல்காரம்மாவின் தலையில் இறக்காதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஆள் பற்றாக்குறையால் ஒரு அமைப்பாளர் இரண்டு மூன்று மையங்களைப் பார்க்கிற இடங்கள் உண்டு. புதிதாக 8,997 சமையல் உதவியாளர்களை எடுக்க அரசு உத்தரவு போட்டபோது தொகுப்பூதியம் மாதம் 3,000 ரூபாய்தான். மெமோ வந்தால் முதலில் அவர் கைக்குத்தான் வரும், பருப்பு மூட்டையைத் தாமதமாக அனுப்பியவருக்கு வராது. எந்தக் கையில் கோளாறு என்று முதலில் பாருங்கள் என்று சொன்னது அதனால்தான்.

டப்பா கட்டிக் கொடுப்பதா? பள்ளிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கட்டிக் கொடுக்காதீர்கள். வேண்டுமானால் ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ பையில் போட்டு அனுப்புங்கள், அதிலுள்ள வைட்டமின் சி சோற்றிலிருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் சேர்க்கும். பக்கத்தில் உட்காருகிறவளுக்கும் சேர்த்து இரண்டாகப் போட்டால் முட்டை கைமாறுகிற வேலையும் கொஞ்சம் குறையலாம்.