திங்கட்கிழமை வயிற்றுவலி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ரிவிஷன் டெஸ்ட் இருக்கும் திங்கட்கிழமைகளில் காலையில் வயிற்றுவலி என்று சுருண்டு படுக்கிறாள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது. பத்து மணிக்கு மேல் வலி போய்விடுகிறது. ‘நடிக்கிறாள்’ என்கிறார் என் கணவர். லீவு போட விடலாமா?
- ஒரு தாய், கும்பகோணம்

பதில்: வலி நிஜம். பயம் வந்ததும் அட்ரினலின் சுரக்கிறது, குடலுக்குப் போகும் ரத்தம் குறைகிறது, குடலின் அசைவு தாறுமாறாகிறது. ‘வயிற்றைக் கலக்குகிறது’ என்று நாம் சொல்வது இதைத்தான். இந்த வயதில் மன அழுத்தம் ‘பயமாக இருக்கிறது’ என்ற சொல்லாக வருவது குறைவு. வயிற்றுவலி, தலைவலி, தொட்டதற்கெல்லாம் எரிச்சல், பிடித்த விளையாட்டை விட்டுவிடுவது, இரவில் புரண்டு புரண்டு படுப்பது என்றுதான் முதலில் தெரியும்.

பள்ளி வேன் போன பிறகு வலி விடுவதால்தான் உங்கள் கணவருக்குச் சந்தேகம். ஆபத்து நீங்கியது என்று உடம்பு தளர்கிறது, அவ்வளவே. லீவு கெடுதலாவதும் இதே காரணத்தால்தான். ‘போகாததால் தப்பித்தோம்’ என்று மூளை பழகிவிட்டால், அடுத்த வாரம் ஞாயிறு இரவே வலி தொடங்கிவிடும். அதனால் தாமதமாகவாவது அனுப்புங்கள். வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே பேசி, முதல் வாரம் முதல் பீரியட் மட்டும் தளர்வு கேளுங்கள். அடுத்த வாரம் அதையும் விலக்குங்கள். ‘இப்போ வலிக்குதா?’ என்று காலையில் ஒருமுறைக்கு மேல் கேட்க வேண்டாம். கேட்கக் கேட்கக் கவனம் முழுவதும் வயிற்றிலேயே நிற்கும்.

மூச்சுப் பயிற்சியும் உதவும். ஆனால் பலரும் இதைத் தப்பாகச் செய்துவிட்டு ‘பலனில்லை’ என்கிறார்கள். மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விட வேண்டும். மூச்சை விடும் நேரம் நீளும்போதுதான் இதயத் துடிப்பு தணிகிறது. வேகவேகமாகப் பெருமூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, தலை சுற்றி, விரல் நுனி மரத்துப் பயம் இரட்டிப்பாகும். வலி வந்த நேரத்தில் புதிதாகச் சொல்லிக்கொடுத்தாலும் பயனில்லை. தினமும் இரவு ஐந்து நிமிடம், இரண்டு வாரம் பழகட்டும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைவு, காய்ச்சல், தொடர் வாந்தி, மலத்தில் ரத்தம் இவற்றில் எது இருந்தாலும் மறுபடி மருத்துவரிடம் காட்டுங்கள். மனம் சார்ந்த வலி என்று விட்டுவிடக் கூடாது.

கேள்வி: காபி குடித்துக்கொண்டு இரவு இரண்டு மணிவரை படிக்கிறேன். தேர்வு ஹாலில் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோகிறது. ஏன்?
- பிளஸ் டூ மாணவர், திருநெல்வேலி

பதில்: தம்பி, படித்தது மனதில் பதிவதே தூக்கத்தில்தான். உங்கள் வயதுக்கு எட்டு மணி நேரமாவது தேவை. காபியின் காஃபீனில் ஏறக்குறைய பாதி, குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். மதியம் இரண்டு மணியோடு நிறுத்திவிடுங்கள்.

திரும்பத் திரும்ப வாசிப்பதும் ஒரு காரணம். கண்ணுக்குப் பழகிய பக்கம் ‘தெரியும்’ என்று ஏமாற்றும். பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடி, வெள்ளைத்தாளில் பத்து நிமிடம் நினைவிலிருந்து எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டதைச் சிவப்பு மையில் சேருங்கள். மறுநாளும், மூன்று நாள் கழித்தும் அதையே செய்யுங்கள். வாரம் ஒருமுறை வீட்டிலேயே கடிகாரம் வைத்து மூன்று மணி நேரத் தேர்வு எழுதுங்கள். ஹால் புதிய இடமாகத் தோன்றாது.

பொதுத்தேர்வில் வினாத்தாள் வாசிக்கத் தரும் பத்து நிமிடத்தில் நன்றாகத் தெரிந்த கேள்விகளை மனதில் குறித்துக்கொண்டு அவற்றிலிருந்து தொடங்குங்கள். நடுவில் மூளை வெறுமையானால் பேனாவைக் கீழே வைத்து, பாதங்களைத் தரையில் அழுத்தி, ஐந்து முறை மெதுவாக மூச்சை விடுங்கள். பிறகு வேறு கேள்விக்குப் போங்கள். விட்டது தானாகத் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம்.

கேள்வி: ரிசல்ட் நெருங்குகிறது. ‘நான் இல்லாமப் போனா எல்லாருக்கும் நிம்மதி’ என்கிறான் தம்பி. தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்டால் நாமே அதை விதைத்ததாகிவிடுமா?
- ஓர் அண்ணன், திருப்பூர்

பதில்: விதைக்காது. இன்றே, தனியாக உட்கார்ந்து, நேராகக் கேளுங்கள்: “சாகணும்னு தோணுதாப்பா?” ஆம் என்றால் திட்டவோ சத்தியம் வாங்கவோ வேண்டாம், முழுவதும் கேளுங்கள், தனியே விடாதீர்கள். மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் வீட்டிலிருந்து அகற்றுங்கள். இந்த எண்ணம் உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் குறுகிய நேரமே; அந்த நேரத்தில் அவை கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும். மனநல உதவி எண் 14416 அல்லது சுகாதார உதவி எண் 104-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். உடனடி ஆபத்து தெரிந்தால் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

ரிசல்ட் அன்று அவனோடு ஒருவர் வீட்டில் இருக்கட்டும். மார்க் கேட்கும் உறவினர் போன்களை நீங்களே எடுங்கள். தோற்றால் அதே ஆண்டிலேயே துணைத்தேர்வு எழுதலாம் என்பதை, முடிவு வருவதற்கு முன்பே அவனிடம் சொல்லிவையுங்கள்.