தட்டிப் பறித்த போன், ‘தொலைந்த’ போன் ஆகுமா?

கேள்வி: தாராவியில் இருக்கிறேன். போன வாரம் இரவு லோக்கலில் கதவோரம் நின்று வந்தபோது, தண்டவாளத்தோரம் நின்ற ஒருவன் கம்பால் என் மணிக்கட்டில் அடித்தான். கீழே விழுந்த போனை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். பிளாட்பாரத்தில் இருந்த ஆர்.பி.எஃப். (ரயில்வே பாதுகாப்புப் படை) காவலர், ‘இது எங்கள் வேலை இல்லை’ என்றார். ரயில்வே போலீஸில் மராத்தியில் எழுதிய காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். போன் தொலைந்ததாகத்தான் அதில் இருக்கிறது என்கிறார் நண்பர். என்ன செய்வது?

பதில்: தம்பி, முதலில் கையைக் கவனியுங்கள். இன்றே சயான் மருத்துவமனைக்குப் போய், எப்படி அடிபட்டது என்பதையும் டாக்டரிடம் சொல்லிக் கேஸ் பேப்பரில் எழுத வையுங்கள். உங்கள் வழக்குக்கு அது மிகவும் முக்கியம்.

ஆர்.பி.எஃப். காவலர் சொன்னது பாதி சரி. அது 1957 சட்டப்படி அமைந்த மத்திய அரசின் படை. ரயில்வே சொத்தையும் பயணிகளையும் பாதுகாப்பது, பெண்கள் பெட்டியில் ஏறும் ஆண்களைப் பிடிப்பது போன்றவை அதன் வேலை. திருட்டு, வழிப்பறி, அடிதடிக்கு வழக்குப் போடுவது ஜி.ஆர்.பி. எனப்படும் ரயில்வே போலீஸ்; அது மகாராஷ்டிர மாநிலப் போலீஸ். ஆனாலும் அடிபட்டு நின்ற உங்களை அவர் அங்கே கூட்டிக்கொண்டு போய் விட்டிருக்க வேண்டும்.

சரி, அந்தக் காகிதத்துக்கு வருவோம். அதில் ‘கஹாள்’ என்று ஒரு சொல் இருக்கிறதா பாருங்கள். மராத்தியில் ‘காணாமல் போனது’ என்று அர்த்தம். இந்த ஒரு சொல்லோடு என்னிடம் வந்தவர்கள் பலர். போன் காணாமல் போனது என்றால் குற்றவாளியே இல்லை. போலீஸ் யாரைத் தேடும்? உங்களுக்கு நடந்ததோ, மும்பையில் எல்லோரும் ‘ஃபட்கா’ என்று சொல்வது. திருடுவதற்காக ஒருவரை அடித்துக் காயப்படுத்தினால் அது வெறும் திருட்டுகூட இல்லை, பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவின்படி வழிப்பறி. பத்து ஆண்டு வரை சிறையோ, ஆயுள் தண்டனையோகூட உண்டு. மராத்தியில் ‘ஜபரி சோரி’ என்பார்கள். அந்த வார்த்தையையே சொல்லிக் கேளுங்கள்.

நடந்ததை நேரம், எந்த ரயில், எந்த ஸ்டேஷன்களுக்கு நடுவே, கம்பு, காயம் எல்லாம் வரும்படி எழுதிக்கொண்டு ஜி.ஆர்.பி. நிலையத்துக்குப் போங்கள். முன்பு கையெழுத்திட்ட காகிதத்தைப் படிக்கத் தெரியாமல் போட்டேன் என்பதையும் அதில் சேருங்கள். ‘எங்கள் எல்லை இல்லை’ என்றால் விட்டுவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிய வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலும் இலவசம். அப்போதும் மறுத்தால், மும்பை ரயில்வே போலீஸ் கமிஷனருக்குப் புகாரைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.

சிம்மையும் யுபிஐ கணக்கையும் இன்னும் முடக்கவில்லை என்றால், இதைப் படித்த கையோடு செய்துவிடுங்கள். அப்புறம் போன் வந்த டப்பாவில் ஐ.எம்.இ.ஐ. எண், அதாவது அந்த போனுக்கே உரிய அடையாள எண், இருக்கும். போலீஸ் புகார் நகலோடு அதை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ இணையதளத்தில் பதிந்தால், வேறு சிம் போட்டாலும் அந்த போன் நெட்வொர்க்கில் வேலை செய்யாது.