பேத்தி சொல்லிவிட்டாள், வீட்டில் பேசி முடிக்கலாம் என்கிறார்கள்

கேள்வி: கும்பகோணம் பக்கம் கிராமம். மருமகன் சிங்கப்பூரில் வேலை. மூன்று நாள் முன்பு திண்ணையில் பூ கட்டிக்கொண்டிருந்தபோது ஒன்பது வயதுப் பேத்தி வந்து, "அம்மாயி, இனிமே பெரியப்பா வீட்டுக்கு டிவி பார்க்கப் போக மாட்டேன்" என்றாள். காரணத்தையும் சொன்னாள். சம்பந்தி வீட்டார், "அறுப்பு முடியட்டும், நமக்குள்ளேயே பேசிக்கலாம். வெளியே தெரிந்தால் பெண்ணுக்குத்தான் கேவலம்" என்கிறார்கள். அன்றைக்கு அவள் போட்டிருந்த கவுனையும் துவைத்துவிட்டோம்.

பதில்: அம்மா, அறுப்பு வரைக்கும் காத்திருக்காதீர்கள். இது வரப்புத் தகராறு இல்லை, உட்கார்ந்து பேசித் தீர்க்க. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் போலீசில் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. இதைச் சம்பந்தி வீட்டாருக்கும் சொல்லுங்கள். ஓர் ஆசிரியர் மீதான வழக்கைச் சிறுமியின் அப்பா சமரசமாகிவிட்டார் என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, 2024-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவையே தள்ளிவிட்டது.

இனி பேத்தியிடம் யாரும் துருவித் துருவிக் கேட்க வேண்டாம். நான் கண்ட வழக்கு ஒன்றில் அத்தை, சித்தி, பக்கத்து வீட்டம்மா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பிள்ளை ஒவ்வொருவரிடமும் கொஞ்சம் மாற்றிச் சொன்னது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொண்டார். அவள் உங்களிடம் சொன்னதை, சொன்ன வார்த்தையிலேயே, தேதி போட்டு எழுதி வையுங்கள். காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். "நீ சொன்னதை நம்புகிறேன், உன் மேல் தப்பில்லை" என்று அவளிடம் சொல்லுங்கள். பெரியப்பாவைத் தேடிப்போய் சண்டை போடாதீர்கள், அவர் உஷாராகிவிடுவார்.

கவுனைத் துவைத்ததால் வழக்கு போய்விடாது. பிள்ளையின் சாட்சியம் நம்பும்படி இருந்தால் அதுவே போதும். துவைக்காத துணி வேறு இருந்தால் காகிதத்தில் சுற்றி வையுங்கள், பிளாஸ்டிக் பை வேண்டாம்.

அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள், அல்லது குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்யுங்கள். எஃப்ஐஆர் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். வாக்குமூலத்தை உங்கள் வீட்டிலேயே எடுக்கச் சொல்லலாம். வருகிற அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது, கூடுமானவரை பெண் எஸ்.ஐ.யாக இருக்க வேண்டும். அப்போது அவள் அம்மா பக்கத்தில் இருக்கலாம். இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. மருத்துவப் பரிசோதனையைப் பெண் டாக்டர்தான் செய்ய வேண்டும்.

கேவலம் என்ற பயத்துக்கும் சட்டத்தில் பதில் உண்டு. அவள் பெயரைப் பத்திரிகையில் போடக் கூடாது. விசாரணை மூடிய நீதிமன்றத்தில்தான். அவள் சாட்சி சொல்லும்போது பெரியப்பா அவள் கண்ணில் படாதபடி ஏற்பாடு செய்வார்கள். எதிர்த்தரப்புக் கேள்விகளும் நீதிபதி வழியாகத்தான் வரும்.

மருமகனுக்கு இன்று ராத்திரியே நீங்களே போன் செய்து சொல்லுங்கள். அவருடைய அண்ணன் வாயிலாக முதலில் தெரிய வேண்டாம்.